நான்காவது மூலையில் ஈரம்

அத்தியாயம் ஐந்து

துப்பறிவாளரின் இடது காலுறை நனைந்தபோது மணி ஒன்பது நாற்பது.

காலுறை ஏன் நனைந்தது என்று யோசிப்பதற்கு முன்பே அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். தொழில் பழக்கம். அதன் பிறகுதான் குனிந்து தரையைப் பார்த்தார். கூடத்தில் மீன்தொட்டி இருந்த மேசைக்கு அடியில், சுவரை ஒட்டிய பின் மூலையில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. மேசை மேல் விரித்திருந்த பழைய போர்வை குடிக்க முடிந்ததையெல்லாம் குடித்துவிட்டு, இனி முடியாது என்று மிச்சத்தைத் தரைக்கு விட்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சொட்டு விழுந்தது.

அவர் பதறிப்போய்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

இந்தக் கதையின் முதல் நான்கு அத்தியாயங்களில் அவர் ஒரு வைர வியாபாரியின் காணாமல் போன குடையைத் தேடினார். குடை வியாபாரியின் காரிலேயே கிடைத்தது. அதை நான்கு அத்தியாயங்களுக்கு இழுத்தவர் என்ற முறையில் அவருடைய திறமையை வாசகர்கள் அறிவார்கள். ஆனால் அப்போதெல்லாம் அவர் பதறியதில்லை. குடை போனால் இன்னொரு குடை. இந்தத் தொட்டியோ அவர் மனைவியுடையது.

மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். மூன்று நாள் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தாள். இன்று மாலை நான்கு மணிக்கு வருகிறாள். தொட்டியில் ஏழு மீன்கள். ஆறு சின்னவை, விரல் நீளம். ஏழாவது உள்ளங்கையை நிறைக்கும் தங்கமீன். வீட்டில் அதற்குப் பெரியவர் என்று பெயர். கல்யாணமாகி வந்த அன்றைக்கு அவள் மடியில் ஒரு கண்ணாடி ஜாடியில் உட்கார்ந்து வந்தவர். எட்டு வருடமாக துப்பறிவாளரை மேலும் கீழும் பார்த்து, ஒன்றும் சரியில்லை என்று திரும்பிக்கொள்பவர்.

ஊருக்குப் போகும்முன் மனைவி இரண்டு பக்கம் குறிப்பு எழுதிக் கொடுத்தாள். கடைசி வரிக்கு மட்டும் அடிக்கோடு. "இதையாவது ஒழுங்கா பாத்துக்கோங்க." அந்த ‘இதையாவது’ சும்மா வந்ததில்லை. அவளுடைய ரோஜாச் செடிகள் அவர் பொறுப்பில் பத்தே நாளில் விறகாகியிருந்தன. அவள் அப்பாவின் கைக்கடிகாரத்தை அவர் பத்திரமாக உறையில் போட்டு, மேலே ‘மிக முக்கியம்’ என்று எழுதி, உறையையே தொலைத்திருந்தார். பெரியவரும் போய்விட்டால் அவள் சத்தம் போடமாட்டாள். இனிமேல் அவரை நம்பி ஒரு தீப்பெட்டியைக்கூடக் கொடுக்கமாட்டாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"வாலு! ஓடி வா!"

மாடியறையிலிருந்து உதவியாளர் இறங்கி வந்தாள். மனைவியின் தங்கை. முப்பது வயது. முன்பு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருந்தவள். நாளுக்கு நாற்பது பேர் "வலிக்கவே இல்ல" என்று பொய் சொல்வதைக் கேட்டுப் பழகியதால், பொய்யைப் பல்லிடுக்கிலேயே பிடித்துவிடுவாள்.

"வீட்டு விஷயமா, ஆபீஸ் விஷயமா?" என்றாள் படியில் நின்றபடியே. "வீடுன்னா மாமா. ஆபீஸ்னா பாஸ். எதுன்னு சொன்னாத்தானே கூப்பிட முடியும்."

"தொட்டி ஒழுகுது."

"ஐயோ, மாமா!"

"இதுக்குப் பின்னால யாரோ இருக்காங்க."

"அப்போ பாஸ்," என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு அவள் கீழே வந்தாள்.

துப்பறிவாளர் பூதக்கண்ணாடியை எடுத்தார். அதை எப்போதும் கையில் வைத்திருப்பதால் தெருவில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்றே பெயர். தனக்கு அது தெரியாது என்று அவர் நடித்துவந்தார்.

"முதல்ல மீனைப் பாக்கலாமா, கண்ணாடியைப் பாக்கலாமா?" என்றாள் வாலு.

"மீன்தான். நீ போய் ஒரு வாளி எடுத்துட்டு வா. நான் மூடியைத் திறக்கறேன்."

அவளை அனுப்பியதற்கு வேறு ஒரு காரணம் இருந்தது. மனைவி போன அன்றே அவர் தீனி டப்பாவில் பென்சிலால் கோடு போட்டுவைத்தார். தினமும் காலையில் ஒரு சிட்டிகை போடுவது அவர் கடமை. மறுநாள் காலையில் பார்த்தால் அவர் போட்டதைவிடக் கூடுதலாக இறங்கியிருந்தது. யாரோ ரகசியமாகத் தீனி போடுகிறார்கள். அதிகம் போட்டால் தண்ணீர் கெட்டு மீன் சாகும் என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. வீட்டில் இரண்டே பேர். தன்னைக் கழித்தால் மிச்சம் ஒருத்தி. எனவே நேற்றுக் காலை அவர் மூடிக்கு அடியில், பின்பக்கமாக, பொட்டலம் கட்டும் பருத்தி நூலை வைத்து ஒரு பொறி அமைத்தார். மூடியை யார் தூக்கினாலும் நூல் நகர்ந்துவிடும். அசல் துப்பறிவாளர்கள் ஒரு தலைமுடியை வைப்பார்கள். அவர் தலையில் அந்தளவுக்கு வசதி இல்லை.

சந்தேகத்துக்குரியவளுக்குப் பொறி தெரியலாமா? வாலு வாளியோடு வருவதற்குள் அவர் நூலை இழுத்துச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எடுப்பதற்கு முன் அது நகர்ந்திருக்கிறதா என்றும் பார்த்திருந்தார். நகரவில்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பிறகு வாளியைக் குழாயடிக்குக் கொண்டுபோனார்.

"பாஸ், எங்க போறீங்க?"

"மீனுக்குப் புதுத் தண்ணி."

வாலு குறிப்பை எடுத்து நீட்டினாள். "பக்கம் ஒண்ணு, வரி மூணு. 'குழாய்த் தண்ணியை நேரா ஊத்தக் கூடாது, மருந்து கலந்திருக்கும்.' இந்த வழக்கில இப்போதைக்குக் கொலைகாரன் நீங்கதான்."

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

அகலமான பாத்திரம் வேண்டும், சோப்புப் படாததாக இருக்கவேண்டும். வீட்டில் அப்படி ஒன்றுதான் இருந்தது. அவருடைய பழைய வழக்குக் கோப்புகள் கிடந்த பெரிய பிளாஸ்டிக் டப். கோப்புகளை சோபாவில் கொட்டினார்கள். "முதல் தடவையா உங்க வழக்குகளால ஒரு உயிர் பிழைக்கப் போகுது," என்றாள் வாலு. தொட்டியின் தண்ணீரையே ஒரு ரப்பர் குழாய் வைத்து டப்பிலும் இரண்டு வாளிகளிலும் இறக்கினார்கள். சின்ன மீன்கள் வலையில் வந்தன. பெரியவரை வலையில் பிடித்தால் செதில் உரியும் என்று குறிப்பில் இருந்ததால், துப்பறிவாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு அகலப் பாத்திரத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, "வாங்க, வாங்க, தயவுசெய்து," என்று கெஞ்சினார். வாயே திறக்காத சாட்சியையும் பேசவைத்தவர் அவர். பெரியவர் பதினொரு நிமிடம் அசைந்து கொடுக்கவில்லை. பன்னிரண்டாவது நிமிடம் தானாகவே பாத்திரத்துக்குள் வந்து நின்றார்.

காற்று விடும் சின்ன மோட்டாரை டப்புக்கு மாற்றி, குதிக்காமல் இருக்க மேலே வலைத்துணி போர்த்தி, வெயில் படாத இடத்தில் வைத்தார்கள். தொட்டியில் பாதித் தண்ணீர்தான் இப்போது. ஒழுகுவது நின்றிருந்தது.

"பாதிக்கு இறங்கினதும் நின்னுடுச்சு. அப்போ ஓட்டை மேல் பாதியில இருக்கு," என்றார் துப்பறிவாளர் குரலைத் தாழ்த்தி. பிறகு நான்கு மூலைகளையும் பூதக்கண்ணாடியில் பார்த்தார். கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசை மூன்று மூலைகளில் பச்சை பூத்திருந்தது. ஈரம் இருந்த நான்காவது மூலையில் மட்டும் பளிச்சென்று வெள்ளை.

"பாத்தியா? இந்த மூலையில புதுப் பசை. பழைய உடைஞ்ச தொட்டியை ஒட்டி, புதுசுன்னு நம்ம தலையில கட்டியிருக்கான் மீன்கடைக்காரன்!"

"தொட்டி வாங்கி நாலு வருஷம் ஆச்சே, பாஸ்."

"திட்டமிட்ட குற்றம். நாலு வருஷம் காத்திருந்திருக்கான்."

வாலு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். இவரோடு வாதாடுவதைவிட வண்டி ஓட்டுவது சுலபம்.

மீன்கடை ஒரு குறுகலான சந்தில் இருந்தது. இரண்டு பக்கமும் தொட்டிகள், நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்க இடம். கடைக்காரர் பருத்த மனிதர், அந்த இடத்தில் எப்படி நடமாடுகிறார் என்பதே தனி மர்மம். துப்பறிவாளர் தன் அட்டையை நீட்டினார்.

"நீங்க வித்த தொட்டி இன்னிக்குக் காலையில ஒழுகிச்சு. இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?"

கடைக்காரர் அட்டையைப் பார்க்கவே இல்லை. "மீன் எதுல இருக்கு?" என்றார் படபடப்பாக.

"கேள்வி கேக்கறது நான்."

"அது கிடக்கட்டும் சார், மீன் எதுல இருக்கு? வாளியிலயா? வாய் குறுகலா இருந்தா காத்து பத்தாது."

"அகல டப். தொட்டித் தண்ணியேதான். மோட்டார் ஓடுது," என்றாள் வாலு.

"நல்லவேளை." அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "தீனி போட்டுடாதீங்க இன்னிக்கு. சரி, இப்போ சொல்லுங்க."

துப்பறிவாளர் வெள்ளைப் பசையைப் பற்றிச் சொன்னார். கேள்வியில் மூன்று வலைகள் விரித்தார். கடைக்காரர் மூன்றையும் கவனிக்கவே இல்லை, சிரித்தார்.

"அதுதான் சார் பசையோட அசல் நிறம். மத்த மூணு மூலையிலயும் ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பாசி பிடிச்சிருக்கும். அந்த மூலை சுவர்ப் பக்கமா, இருட்டா இருக்கும். பாசி வரல."

துப்பறிவாளர் தன் குறிப்பேட்டில் ‘பாசி’ என்று எழுதி, அதை ஏன் எழுதினோம் என்று தெரியாமல் அடித்தார்.

"ஒழுகற தொட்டிக்கு ஒரு சுலபமான சோதனை இருக்கு," என்றார் கடைக்காரர். "வெளிப்பக்கத்தை நல்லா துடைச்சுட்டு, சுத்தி காஞ்ச செய்தித்தாள் வையுங்க. தண்ணியை மறுபடி நிரப்புங்க. எந்தத் தாள் முதல்ல நனையுதோ அங்கதான் கோளாறு. இடம் தெரிஞ்சா தொட்டியைக் கொண்டாங்க, ஒட்டித் தரேன்."

வெளியே வந்ததும் வாலு சொன்னாள். "இவர் இல்ல, பாஸ்."

"எப்படிச் சொல்றே?"

"கெட்ட தொட்டியை வித்தவன் முதல்ல தொட்டியைப் பத்திக் கேப்பான். எத்தனை நாளாச்சு, எங்கேயாவது இடிச்சீங்களா, அப்படி இப்படின்னு. இவர் மீனைப் பத்திக் கேட்டார்."

அது தனக்குத் தோன்றியிருக்கவேண்டிய விஷயம் என்பதால் துப்பறிவாளர் வண்டியை நோக்கி வேகமாக நடந்தார். வண்டியில் ஏறும்போது வாலு அவருடைய சட்டையைச் சுட்டிக்காட்டினாள். "என்ன பாஸ், நெஞ்சுப் பக்கம் ஈரமா இருக்கு? உள்ளுக்குள்ளயே அழறீங்களா?"

"வேர்வை," என்றார் அவர் அவசரமாக.

வீட்டுக்குத் திரும்பியபோது மணி பன்னிரண்டேகால். கதவைத் திறந்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. சத்தம் இல்லை. மோட்டாரின் ‘கொர்ர்’ இல்லை. மின்சாரம் போயிருந்தது.

டப்பில் ஏழு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பெரியவர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார்.

துப்பறிவாளர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் தப்பாக ஏதாவது செய்திருப்பார். சமையலறையிலிருந்து ஒரு சொம்பை எடுத்து வந்து தரையில் மண்டியிட்டார். டப்பின் ஓரத்தில் தண்ணீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து மெல்ல ஊற்றினார். மறுபடி மொண்டார், மறுபடி ஊற்றினார். விழுகிற தண்ணீர் காற்றை உள்ளே கொண்டுபோகும். எங்கே படித்தார் என்று நினைவில்லை. மனைவி எப்போதோ சொல்லி, அவர் கேட்காதது போல இருந்து கேட்டிருக்கவேண்டும்.

"நான் கொஞ்ச நேரம் ஊத்தறேன், மாமா," என்றாள் வாலு. மாமா என்று சொன்னதை இருவருமே கவனிக்கவில்லை.

"வேணாம். நீ தொட்டியைத் துடை. தாளை வை."

நாற்பது நிமிடம் அவர் நிறுத்தவே இல்லை. முட்டி மரத்தது, தோள் கழன்றது. "பெரியவரே, நீங்க என்னை மதிக்கவே வேணாம். உயிரோட இருந்து அவமதிங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினார். பெரியவர் மெல்ல நிமிர்ந்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். துப்பறிவாளருக்கு அழுகையே வந்துவிட்டது. சரியாக ஒரு மணிக்கு மோட்டார் கொர்ரிட்டது.

அதற்குப் பிறகு சோதனை. இரண்டு வாளித் தண்ணீரையும் தொட்டியில் ஊற்றினார்கள். பற்றாததற்கு, மனைவி ஒரு டிரம்மில் பிடித்து ஆறவைத்திருந்த தண்ணீரையும் சேர்த்து விளிம்பு வரை நிரப்பினார்கள். சுற்றிலும் காய்ந்த செய்தித்தாள். இருவரும் தரையில் உட்கார்ந்து தாளையே பார்த்தார்கள். ஐந்து நிமிடம். பத்து. இருபது. வாலு தாளில் இருந்த விளம்பரங்கள் எல்லாவற்றையும் படித்து முடித்தாள்.

ஒரு சொட்டும் விழவில்லை. தாள் மொறமொறவென்று இருந்தது.

"தானாவே சரியாயிடுச்சு," என்றார் துப்பறிவாளர் நம்பிக்கையோடு.

"கண்ணாடிக்குக் காயம் ஆறுமா, பாஸ்?"

"அப்போ மர்மம் ஆழமாகுது." அவர் மூடியை எடுத்துத் தொட்டியை மூடினார். வாலு டீ போடப் போனாள். அவர் ஒரு முறை சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு பையிலிருந்த நூலை எடுத்து, மூடியைச் சற்றே தூக்கி, பின்பக்கமாகப் பழையபடி பொறியை வைத்தார். தீனித் திருடி இன்னும் பிடிபடவில்லை. ஒரு வழக்கு நடக்கிறது என்பதற்காக இன்னொரு வழக்கைக் கைவிடுகிற ஆள் அவர் இல்லை.

டீ வந்தது. குடித்தார்கள். மணி இரண்டு இருபதுக்கு, பின் மூலையில் செய்தித்தாளின் மேல் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

"ஒழுகுது!" என்று துள்ளினார் துப்பறிவாளர். "பாத்தியா, ஒழுகுது! நான் சொன்னேன்ல, யாரோ இருக்காங்க!"

வாலு துள்ளவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

"காலையில மூடியிருந்துச்சு, ஒழுகிச்சு. திறந்தோம், நின்னுச்சு. விளிம்பு வரைக்கும் நிரப்பினோம், திறந்தே இருந்துச்சு, ஒழுகல. இப்போ மூடினோம், ஒழுகுது." அவள் அவரைப் பார்த்தாள். "மூடினா ஒழுகற தொட்டியை நான் பாத்ததே இல்ல. மூடியில என்ன பண்ணீங்க?"

"நானா? ஒண்ணும் பண்ணலையே."

"பல் டாக்டர்கிட்ட எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க." அவள் பூதக்கண்ணாடியை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் தலையை நுழைத்தாள்.

"பாஸ்."

"ம்?"

"இங்க ஒரு நூல் தொங்குது."

"அப்படியா? ஆச்சரியமா இருக்கே."

"பொட்டலம் கட்டற நூல். ஒரு முனை மூடிக்கடியில போய்த் தண்ணிக்குள்ள கிடக்குது. இன்னொரு முனை வெளிய மேசை வரைக்கும் தொங்குது. அந்த முனையில இப்போ ஒரு சொட்டு ரெடியாகுது." ‘டப்.’ "விழுந்துடுச்சு. அடுத்தது ரெடியாகுது." அவள் தலையை வெளியே எடுத்தாள். "உங்க சட்டைப் பை ஏன் காலையிலிருந்து ஈரமா இருந்துச்சுன்னு இப்போ சொல்லுங்க."

துப்பறிவாளர் சோபாவில் கோப்புகளின் மேல் உட்கார்ந்தார். விஷயம் மெதுவாக அவருக்குள் இறங்கியது. நூலை வெட்டக் கத்தரி கிடைக்காததால் இரண்டு பக்கமும் ஒரு முழம் மிச்சம் விட்டிருந்தார். உள்ளே விழுந்த முனை தண்ணீரை உறிஞ்சியது. வெளியே விழுந்த முனை சொட்டுச் சொட்டாக இறக்கியது. நேற்றுக் காலையிலிருந்து இன்று காலை வரை, இரவு பகல் பாராமல், அவர் தொழிலில் ஒரு நாளும் உழைக்காத அளவுக்கு அந்த நூல் உழைத்திருந்தது.

"ஓட்டை இல்ல," என்றார்.

"இல்ல."

"நான்தான்."

"நீங்கதான்," என்றாள் வாலு அன்பாக. "தொழில் தொடங்கினதிலிருந்து நீங்க கையும் களவுமா பிடிச்ச முதல் குற்றவாளி. வாழ்த்துகள். எதுக்கு வெச்சீங்க நூலை?"

அவர் சொன்னார். தீனி டப்பா, பென்சில் கோடு, மூடியை ரகசியமாகத் தூக்குகிற கை. வாலு கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து போய் மூடியின் முன்பக்கத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினாள். தீப்பெட்டி அளவில் ஒரு குட்டிக் கதவு திறந்தது.

"தீனி போட இது இருக்கு, மாமா. மூடியைத் தூக்கவே வேணாம். உங்க பொறியில நான் நூறு வருஷமானாலும் மாட்டியிருக்கமாட்டேன்."

நான்கு வருடம் அந்தத் தொட்டியோடு குடித்தனம் செய்தும் அப்படி ஒரு கதவு இருப்பது அவருக்குத் தெரியாது. அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவரைச் சுட்டது வேறு ஒன்று.

"அப்போ தீனி போட்டது நீதான்."

"அக்காதான் சொன்னா. 'உங்க மாமா கண்டிப்பா மறந்துடுவாரு, நீ தினமும் போட்டுடு'ன்னு." சொன்ன பிறகுதான் வாலு அவர் முகத்தைப் பார்த்தாள். "நீங்களும் போடறீங்கன்னு எனக்குத் தெரியாது."

அவர் நூலை எடுத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். மனைவிமேல் கோபப்படப் பார்த்தார், வரவில்லை. ரோஜாவையும் கடிகாரத்தையும் நினைத்தால் அவள் செய்தது சரிதான். சரியாக இருந்ததுதான் வலித்தது.

மூடியை நூல் இல்லாமல் மூடி அரை மணி நேரம் பார்த்தார்கள். ஒழுகவில்லை. மீன்களைத் திரும்ப விட்டார்கள். பெரியவர் இம்முறை இரண்டே நிமிடத்தில் பாத்திரத்தில் ஏறினார். போர்வையை மாற்றி, தரையைத் துடைத்து, கோப்புகளை டப்பில் போட்டு முடித்தபோது மணி மூன்றே முக்கால்.

"இப்படிச் சொல்லலாம்," என்றாள் வாலு. அவள் குரலில் கிண்டல் இல்லை. "தொட்டி ஒழுகிச்சு, நீங்க கண்டுபிடிச்சு சரி பண்ணீங்க. அதுல ஒரு வார்த்தையும் பொய் இல்ல. யார் பண்ணினதுன்னு அக்கா கேக்கவா போறா?"

துப்பறிவாளருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அவர் வாழ்க்கையில் முதல் முறையாக வீட்டில் ஒரு வீரர் ஆகலாம். இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். நன்றாகவே இருந்தது.

நான்கு மணிக்கு மனைவி வந்தாள். பையைக் கீழே வைக்காமலேயே தொட்டிக்கு முன்னால் போய் நின்று எண்ணினாள். ஏழு. பெரியவரைச் சற்று அதிக நேரம் பார்த்தாள். பிறகு திரும்பித் தரையைப் பார்த்தாள்.

"தரை ஏன் இவ்வளவு சுத்தமா இருக்கு?"

இந்த வீட்டில் உண்மையான துப்பறிவாளர் யார் என்று அவருக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. வாலு வாயைத் திறந்தாள். "அது வந்துக்கா, காலையில தொட்டி..."

"நான் சொல்றேன்," என்றார் அவர்.

எல்லாவற்றையும் சொன்னார். கோடு, பொறி, பையில் ஒளித்த ஈர நூல், குழாய்த் தண்ணீர், பாவம் அந்தக் கடைக்காரர், யாருக்கும் தேவைப்படாத வெள்ளைப் பசை. தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி ஒரு அறிக்கை படிப்பதுபோல் ஒன்றையும் விடாமல் சொன்னார். மின்சாரம் போனதை மட்டும் ஒரு வரியில் தாண்டப் பார்த்தார்.

"ஒரு வரி இல்லக்கா, நாற்பது நிமிஷம்," என்றாள் வாலு. "மண்டி போட்டு சொம்புல ஊத்திக்கிட்டே இருந்தாரு. நான் கேட்டும் குடுக்கல."

மனைவி அவருடைய முட்டியைப் பார்த்தாள். கால்சட்டையில் இரண்டு ஈர வட்டங்கள் இன்னும் காயவில்லை. அவள் எதற்காகவும் சத்தம் போடவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது.

"மூணு நாளும் தீனி போட்டீங்களா?" என்று கேட்டாள்.

"நீ போன அன்னிக்கும் நேத்தும் போட்டேன். இன்னிக்குக் காலையில போடறதுக்குள்ளதான் இதெல்லாம்."

"மறக்கவே இல்லையா?"

"மறக்கல."

அவள் அப்போதுதான் பையைக் கீழே வைத்தாள். "நீங்க மறந்துடுவீங்கன்னு நானா முடிவு பண்ணிட்டேன்," என்றாள். "நான் அவகிட்ட ரகசியமா சொல்லாம இருந்திருந்தா இந்த நூலே வந்திருக்காது. தப்பு என்னோடதும்தான்." பிறகு தங்கையின் பக்கம் திரும்பினாள். "அடுத்த மாசம் பத்து நாள் போகணும். நீ ஒண்ணும் பண்ணவேணாம். அவரே பாத்துப்பாரு."

அவ்வளவுதான் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

துப்பறிவாளர் ஒரு துணியை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்து, பின் மூலையில் தலையை நுழைத்துத் தரையை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார். அங்கே ஈரம் ஏதும் இல்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வதை மட்டும் வாலு பார்த்துவிட்டால், ஆயுள் முழுக்க அதைச் சொல்லியே அவரைக் கொன்றுவிடுவாள்.